கம்பியின்றி மணியடித்த பேராசான்

மழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு பிற்பகலில், எங்கள் பாடசாலை மைதானத்தின் ஓரமாக மாணாக்கர் சிலர் வட்டமாகக் குந்தியிருந்தனர். நடுவே ஒரு முழ நீளமுள்ள சிறு மோட்டார் வண்டி ஒன்று இருந்தது. விஞ்ஞானக் கண்காட்சிக்கென அவர்கள் தாமே பொருத்திய வண்டி அது. ஹந்தானை மலைச்சாரலிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் கண்டிக்கு இறங்கிவரும் மாணவன் ஒருவன், அவர்கள் 'றிமோட்' என்று வழங்கும் கைக்கருவியைப் பிடித்திருந்தான். விசையை அழுத்தியதும் வண்டி ஓடிற்று. ஆனால் நேரே ஓடாமல் இடப்பக்கமாக விலகி, ஈரப் புற்றரையிற் போய்ச் சிக்கிக்கொண்டது.

நான் தமிழ் கற்பிப்பவன். பௌதிகம் என் துறையன்று. ஆயினும் அந்த வண்டியை அவன் திருத்திய முறை என்னை அவ்விடத்தே நிறுத்திவிட்டது. வண்டியை ஒரு பெட்டியின்மேல் ஏற்றி, சில்லுகள் நிலத்திற் படாதவாறு வைத்தான். முதலிற் கைக்கருவியை உயிர்ப்பித்து, அதன் பின்னரே வண்டிக்கு மின்னைத் திறந்தான். நிறுத்தும்போது வண்டியை முதலில் நிறுத்திக் கருவியைப் பின்னர் அணைத்தான். ஆணையிடுவோன் விழிக்குமுன் ஏவலாள் விழித்துக்கொண்டால், அயலிலிருந்து வரும் எந்தக் குறிப்பையும் ஆணையென்று கொண்டு ஓடிவிடுவான் என்பது அதற்குக் காரணம்.

கை வலப்பக்கம் திருப்பினால் சில்லும் வலப்பக்கமே திரும்புகின்றதா என்பது அவனது முதற் சோதனை. பின்பு கையை எடுத்துவிட்டுப் பார்த்தான். சில்லு நடுநிலையில் நில்லாமல் சற்றே இடம் நோக்கியிருந்தது. சுக்கானை இயக்கும் கம்பியின் நீளத்தை முதலிற் சரிபார்த்து, எஞ்சிய சிறு பிழையை 'ட்ரிம்' எனப்படும் திருகியை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் போக்கினான். கம்பியிலுள்ள பெரும்பிழையைத் திருகியினால் மறைக்க முயன்றால், ஒரு பக்கம் திரும்புவதற்கு இடமின்றிப் போய்விடும் என்று தன் தோழருக்கு விளக்கினான். அதன்பின் இடத்திலும் வலத்திலும் சில்லு திரும்பும் எல்லைகளைச் சமப்படுத்தினான். இறுதியாக, மோட்டார் சுழன்றுகொண்டிருக்கும்போதே கைக்கருவியை அணைத்து, அலை அறுந்தால் வண்டி தானே நின்றுவிடுகின்றதா என்றும் பார்த்தான். வண்டி நின்றது. மீண்டும் நிலத்தில் விட்டபோது அது நூல் பிடித்தாற்போல் நேரே ஓடிற்று.

அருகில் நின்ற விஞ்ஞான ஆசிரியர், அக்கருவியிலிருந்து புறப்படும் அலை ஒரு நொடியில் 240 கோடி முறை அதிர்வது என்றும், அதன் நீளம் 12.5 சென்ரிமீற்றர் என்றும் சொன்னார். கம்பியில்லாமல் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து இயக்கிக் காட்டியவருள் முன்னவர் யாவர் என்று நான் மாணாக்கரை வினவினேன். பலர் மார்க்கோனி என்றனர். ஒருவன் தெஸ்லாவின் பெயரைச் சொன்னான். ஜகதீச சந்திர போஸ் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வண்டியைத் திருத்திய மாணவனைப் பற்றி ஆசிரியர் எனக்குத் தனியே ஒரு செய்தி சொன்னார். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்கும் எண்ணத்தை அவன் விட்டுவிட்டானாம். தோட்டப் பாடசாலையில் தமிழிற் படித்துவந்த தனக்கு அத்துறை எட்டாது என்பது அவன் துணிபு. கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. அவன் தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். வண்டியின் அச்சை அராவிக் கொடுத்தவரும் அவரே. இதனைக் கேட்ட பின்பு போஸின் வாழ்க்கையை அம்மாணாக்கருக்குச் சொல்லவேண்டுமென்று எனக்குத் தோன்றிற்று. அன்று அவர்களுக்குச் சொன்னதையே ஒழுங்குபடுத்தி இங்கு எழுதுகின்றேன்.

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி கிழக்கு வங்காளத்திற் பிறந்தார். விக்கிரமபுரம் என்னும் பகுதியிலுள்ள ராரிகால் அவருடைய மூதாதையர் ஊர். அது இன்று வங்காளதேசத்தில் இருக்கின்றது. தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உதவி நீதிபதியாகப் பணியாற்றியவர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். அக்காலத்தில் உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலைக்குச் செல்வதே மரபு. ஆங்கிலம் கற்பது உயர்வென்றும் தாய்மொழியிற் கற்பது தாழ்வென்றும் எண்ணப்பட்ட காலம் அது. பகவான் சந்திரரோ தம் மகனைப் பரீத்பூரில் வங்காளமொழிப் பாடசாலைக்கு அனுப்பினார். தன் மொழியையும் தன் மக்களையும் அறிந்த பின்னரே ஒருவன் பிறமொழி கற்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

அப்பாடசாலையில் ஜகதீசரின் ஒரு பக்கத்தில் தந்தையாரின் அலுவலகத்துச் சேவகரான முஸ்லிம் ஒருவரின் மகன் இருந்தான். மறுபக்கத்தில் மீனவர் ஒருவரின் மகன் இருந்தான். பறவைகளைப் பற்றியும் நீர்வாழ் உயிர்களைப் பற்றியும் அச்சிறுவர் சொல்லிய கதைகளே இயற்கையை ஆராயும் வேட்கையைத் தம்முள் விதைத்தன என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கின்றார். அவர் தாயார் பழைய ஆசாரம் உடையவர். ஆயினும் தம் மகனுடன் வீட்டுக்கு வந்த அச்சிறுவர்க்கும் வேற்றுமை பாராட்டாது உணவளித்தார். பாலகனைத் தோளிலே தூக்கிக்கொண்டு பாடசாலைக்குச் சென்றவன், முன்னொருகாற் கொள்ளைக்காரனாக இருந்து, பகவான் சந்திரரின் தீர்ப்பினாலேயே சிறை சென்று மீண்டவன். வாழ வழியின்றி வந்து நின்ற அவனுக்குத் தண்டித்த நீதிபதியே வேலை கொடுத்தார். நான் படித்த வரலாறுகளுள் இதனைப்போல் என் மனத்திற் பதிந்தவை சிலவே.

பின்னர்க் கல்கத்தாவில் ஹெயர் பாடசாலையிலும் புனித சவேரியார் பாடசாலையிலும் கல்லூரியிலும் ஜகதீசர் கற்றார். அங்கே ஈயூஜின் லபோன் அடிகளார் என்னும் பெல்ஜிய நாட்டு இயேசுசபைத் துறவி, பரிசோதனைகளைச் செய்துகாட்டிப் பௌதிகம் கற்பித்தார். கண்ணாற் காணச் செய்து கருத்தை விளக்கும் கலையைப் போஸ் அவரிடமே கற்றுக்கொண்டார். பட்டம் பெற்ற பின்பு இங்கிலாந்து சென்று சிவில் சேவைப் பரீட்சை எழுத விரும்பினார். மகன் பிறரை ஆள்பவனாவதிலும் கற்றவனாவதே தக்கது என்று தந்தையார் அதற்கு இணங்கவில்லை. ஆகவே மருத்துவம் கற்பதற்கென 1880ஆம் ஆண்டில் இலண்டனுக்குக் கப்பலேறினார்.

விடாத காய்ச்சலொன்று அவரை அங்கே வருத்திற்று. பிரேதங்களை அறுத்துக் கற்கும் அறையின் நெடி அந்நோயை மிகுவித்தது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிறிட்ஜிலுள்ள கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் கற்றார். றேலிப் பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1884ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜிலும் இலண்டனிலும் பட்டங்கள் பெற்று, அடுத்த ஆண்டில் தாயகம் திரும்பினார். கல்கத்தாப் பிறெசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியர் பதவி, தற்காலிகமாக, அவருக்குக் கிடைத்தது.

இங்கேதான் அவர் வாழ்வின் முதற் சோதனை வந்தது. அக்காலத்தில் அப்பதவியிலுள்ள ஐரோப்பியருக்கு வழங்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. நியமனம் தற்காலிகமானது என்பதால் அதுவும் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூலி என்பதாயிற்று. போஸ் சண்டையிடவில்லை, வேலையை விடவுமில்லை. மாதந்தோறும் வந்த சம்பளத்தை ஏற்க மறுத்து, மூன்று ஆண்டுகள் ஊதியமின்றிக் கற்பித்தார்.

இதனைச் செல்வர் வீட்டுப் பிள்ளையின் வீம்பு என்று எண்ணிவிடலாகாது. தந்தையார் ஊர் நலத்துக்காகத் தொழில் முயற்சிகள் பல தொடங்கியவர். அநாதைப் பிள்ளைகளுக்குத் தொழில் பயிற்றும் சாலை நடத்தினார்; அஸ்ஸாமிற் தேயிலைப் பயிரிலும் பணத்தை முடக்கினார். அம்முயற்சிகள் நட்டத்தில் முடிந்து, பெருங்கடன் தலைமேல் நின்றது. தேயிலை சிலரை வாழ்விக்கும், சிலரை வீழ்த்தும் என்பதனை இம்மலைநாட்டார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடும்பம் நிலத்தை விற்றுக் கடனின் ஒரு பகுதியை இறுத்தது. 1887ஆம் ஆண்டிற் போஸ் அபலா தாஸ் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் சென்னையில் மருத்துவம் கற்று, உடல்நலக் குறைவினால் அதனை இடையில் நிறுத்தியவர். சம்பளம் இல்லாத கணவரும் அவருமாக, வாடகை குறைந்த சந்திரநாகூரிலே குடியிருந்தனர். நாள்தோறும் ஹூக்ளி நதியைப் படகிற் கடந்து போஸ் கல்லூரிக்குச் சென்றுவந்தார்.

மூன்றாண்டுகளின் முடிவில் அதிகாரிகள் மனம் மாறினர். பதவி நிரந்தரமாக்கப்பட்டது, முழுச் சம்பளமும் தொடக்க நாளிலிருந்து கணக்கிட்டு ஒருங்கே கொடுக்கப்பட்டது. அப்பணத்தைக் கொண்டு அவர் முதலிற் செய்த காரியம் தந்தையாரின் கடனை அடைத்தது. கடன் முற்றத் தீர்ந்ததைக் கண்டபின் தந்தையார் நெடுநாள் வாழவில்லை.

1894ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி, தமது முப்பத்தாறாம் பிறந்தநாளன்று, ஆராய்ச்சியிலேயே இனி வாழ்நாளைச் செலவிடுவதென்று போஸ் உறுதி பூண்டார். ஹேர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மின்காந்த அலைகளைக் கண்டு நிறுவிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வறிஞர் அந்த 1894ஆம் ஆண்டின் முதல் நாளில் இளம் பிராயத்திலேயே மறைந்தார். அவருடைய ஆராய்ச்சிகளைப் பற்றி ஒலிவர் லொட்ஜ் எழுதியதைப் போஸ் படித்தார். கல்லூரியில் ஆய்வுகூடம் இல்லை. குளியலறையை அடுத்த சிறு மறைவிடமொன்றே ஆய்வுகூடமாயிற்று. கருவி செய்யத் தேர்ந்த தொழிலாளர் இல்லை. எழுத்தறியாத தகர வேலைக்காரர் ஒருவரை அமர்த்தித் தாமே பழக்கிக்கொண்டார். கற்பித்தல் முடிந்த நேரமே ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. செலவு பெரும்பாலும் சொந்தக் கைப்பணமாயிற்று.

ஹேர்ட்ஸ் எழுப்பிய அலைகள் நீளமானவை. ஒளியைப்போல அவை தெறிக்கும், முறியும், முனைவுகொள்ளும் என்பதைக் காட்டுவதற்கு மிகப் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. அலையைக் குறுக்கினால் கருவியும் குறுகும் என்று போஸ் கருதினார். சிறு உலோகக் குண்டுகளுக்கிடையே மின்பொறி எழச்செய்து, 5 மில்லிமீற்றர் அளவுக்குக் குறுகிய அலைகளைப் பெற்றார். எங்கள் மாணவன் கையிலிருந்த கருவியின் அலையை இருபத்தைந்து கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு அத்துணை நீளமிருக்கும். கந்தகத்தில் அரியங்கள் வார்த்தார். அலையை வழிநடத்தக் குழாய்களும், குவித்து வாங்கக் கொம்பு வடிவான வாய்களும் அமைத்தார். இரயில் வண்டிகளின் நேரவட்டவணைப் புத்தகம் ஒன்றின் தாள்களுக்கிடையே தகரத் தகடுகளைச் செருகி, அலையை ஒரு திசையில் மட்டும் அதிரவிடும் சல்லடையாக்கினார். சணலை முறுக்கிய கற்றைகளினூடே அலையைச் செலுத்தி, முறுக்கின் திசைக்கேற்ப அதிர்வுத்தளம் திரும்புவதையும் காட்டினார். சணல் வங்கத்து வயலிலே விளைவது. அரியதொரு பரிசோதனைக்கு அவர் தேடிய பொருள் வீட்டு முற்றத்திலே கிடந்தது.

அலையை எழுப்புவதிலும் அதனை வாங்குவதே கடினம். அந்நாளில் இரும்புத் தூள் நிறைந்த கண்ணாடிக் குழாயே வாங்குகருவியாகப் பயன்பட்டது. அலை பட்டதும் தூள் ஒன்றோடொன்று பற்றி மின்னோட்டத்துக்கு வழிவிடும். மறுமுறை பயன்படுத்துவதற்கு முன் குழாயைத் தட்டித் தூளைக் குலைக்கவேண்டும். வங்காளத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் அத்தூள் விரைவிற் கெட்டுப்போயிற்று. ஆடி மழையிற் புத்தகமும் பூஞ்சணம் பூக்கும் கண்டியில் வாழ்வோர் இத்தொல்லையை எளிதில் உணர்வர். போஸ் தூளை நீக்கிவிட்டு, மெல்லிய உருக்குக் கம்பிச் சுருள்களை ஒன்றையொன்று தொடுமாறு வரிசையாக அடுக்கினார். ஒரு திருகாணியினாற் சுருள்களின் நெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். மின்கலத்தின் அழுத்தத்தையும் வேண்டியவாறு மாற்ற இயலும். நெருக்கம் மிகுந்தால் அலை வராமலே மின் ஓடும்; குறைந்தால் அலை வந்தும் ஓடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு புள்ளியில், மெல்லிய அலைக்கும் கருவி விழித்துக்கொள்ளும். அப்புள்ளியைத் தேடித் திருகாணியைத் திருப்பிய அவருடைய விரல்களை, மைதானத்தில் ட்ரிம் திருகியை நகர்த்திய விரல்களைக் கண்டபோது நான் நினைத்துக்கொண்டேன்.

1895ஆம் ஆண்டிற் கல்கத்தா நகரமண்டபத்தில் அவர் மக்கள்முன் நிகழ்த்திய பரிசோதனை புகழ்பெற்றது. அலையை எழுப்பும் கருவி ஓரிடத்திலும் வாங்கும் கருவி ஏறத்தாழ 75 அடி தூரத்தில் வேறோர் அறையிலும் வைக்கப்பட்டன. இடையே சுவர்கள் இருந்தன. வங்காளத்தின் லெப்டினன்ற் கவர்னரும் அலையின் வழியிலே அமர்ந்திருந்தார். போஸ் மின்பொறியை எழுப்பினார். கண்ணுக்குப் புலனாகாத அலை கவர்னரின் உடலையும் சுவரையும் ஊடுருவிச் சென்று, அப்பாலுள்ள அறையில் மணியை ஒலிக்கச் செய்தது, கைத்துப்பாக்கியை வெடிக்கச் செய்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. வாங்குகருவியிற் படும் அலை மின்னோட்டத்துக்கு வழிதிறக்க, அம்மின்னோட்டம் வேறொரு பெருஞ் சுற்றை இயக்கிவைத்தது. அலை தானே மணியை அடிக்கவில்லை. அடிக்கும்படி ஆணை மட்டுமே கொண்டுசென்றது. விளையாட்டு வண்டியிலும் நிகழ்வது இதுவே. வண்டி ஓடுவது தன் பற்றரியின் வலிமையினால். எங்கே திரும்புவதென்ற ஆணையே அலையில் வருகின்றது.

ஆயினும் உண்மையை மிகைப்படுத்தலாகாது. போஸின் கருவி ஏற்றது ஒற்றை ஆணை. இடம், வலம், முன், பின் என்று ஒரு பொருளை நடத்திக் காட்டியவர் நிக்கலா தெஸ்லா. 1898ஆம் ஆண்டில் அவர் நியூயோர்க் நகரில் நீர்த்தொட்டியொன்றிற் சிறு படகை அலையினாற் செலுத்திக் காட்டி, அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றார். இன்றைய விளையாட்டு வண்டிகளுக்கு நேர்முன்னோடி அப்படகே. நெடுந்தூரம் செய்தியனுப்பும் தந்தியாக அலையை வளர்த்தவர் மார்க்கோனி. 1901ஆம் ஆண்டின் இறுதியில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அவர் சைகை பெற்றார். 1909ஆம் ஆண்டில் பிறவுன் என்னும் ஜெர்மானியருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். போஸ் தந்தி வணிகத்தை நாடியவரல்லர். அலையின் இயல்பை அறிவதே அவர் நோக்கம். ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவர்க்கு அளித்தலே நேர்மை. போஸின் பெருமைக்கு மற்றவர்களைக் குறைத்தல் வேண்டியதில்லை.

1896ஆம் ஆண்டில் இலண்டன் சர்வகலாசாலை அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. 1897 ஜனவரியில் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனில் அவர் தம் கருவிகளைக் காட்டிச் சொற்பொழிவாற்றினார். தம் வாங்குகருவியின் அமைப்பை அவர் மறைக்கவில்லை. யாவரும் அறியும்படி வெளிப்படுத்தினார். 1901ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்தபோது, பெருஞ்செல்வரான தந்திக் கம்பனி உரிமையாளர் ஒருவர், இலாபத்திற் பங்கு தருவதாகவும் ஆக்கவுரிமை பெறவேண்டுமென்றும் வற்புறுத்தினார். போஸ் இணங்கவில்லை. பணவேட்கை என்னும் பொறியில் ஒருமுறை சிக்கினால் மீளமுடியாது என்று தம் நண்பர் இரவீந்திரநாத தாகூருக்கு எழுதினார். சகோதரி நிவேதிதையும் அமெரிக்க நண்பரான சாரா புல் அம்மையாரும் விடாது முயன்றதனால், ஒரேயொரு கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது. கலீனா என்னும் ஈயத்தாதுப் பளிங்கினால் அலையை உணரும் கருவி அது. 1904 மார்ச் 29ஆந் திகதி உரிமை கிடைத்தது. அதனால் வரும் பொருளைப் பெறுவதில் அவர் நாட்டங் கொள்ளவில்லை. பளிங்கின் துணைகொண்டு அலையை வாங்கும் வழி பிற்காலத்தில் எத்துணை விரிந்தது என்பதை உலகம் அறியும். 1977ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சேர் நெவில் மொட், இத்துறையிற் போஸ் தம் காலத்துக்கு 60 ஆண்டுகளேனும் முற்பட்டவர் என்று மதித்தார்.

வாங்குகருவியிற் கண்ட ஒரு குறையே அவரை வேறொரு துறைக்கு இட்டுச்சென்றது. தொடர்ந்து வேலைசெய்த கருவி உணர்ச்சி மழுங்குவதையும், ஓய்வு கொடுத்தால் மீண்டும் கூர்மை பெறுவதையும் அவர் கவனித்தார். உழைத்த தசையும் இவ்வாறன்றோ களைக்கின்றது? உலோகம், தாவரம், விலங்கின் தசை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஆராயத் தொடங்கினார். 1901ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சொசைற்றியில் இவ்வாராய்ச்சியை எடுத்துரைத்தபோது, உடற்றொழிலியலிற் பேரறிஞரான பேர்டன் சாண்டர்சன் கடுமையாக எதிர்த்தார். பௌதிக அறிஞர் தம் எல்லைக்குள் நிற்கவேண்டும் என்பது எதிர்த்தோர் மனப்பாங்கு. கட்டுரை அச்சேறாமற் கிடப்பில் வைக்கப்பட்டது. போஸ் தளரவில்லை. தாவரத்தின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் 'கிறெஸ்கோகிராவ்' என்னும் கருவியை ஆக்கினார். தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் கடல்கடந்து எடுத்துச்சென்று ஐரோப்பிய அறிஞர்முன் பரிசோதித்துக் காட்டினார். 1920ஆம் ஆண்டில் அவரை மறுத்த அதே றோயல் சொசைற்றி தன் உறுப்பினராக ஏற்றது.

பேராதனைப் பூங்காவுக்குச் செல்லும் வழியோரத்திலும் தோட்டத்துப் பாதைகளிலும் தொட்டாற்சுருங்கி படர்ந்து கிடக்கின்றது. பிள்ளைகள் காலால் தொட்டு விளையாடிக் கடந்துசெல்லும் அப்பூண்டில், நரம்பையொத்த மின்துடிப்பைப் போஸ் அளந்தார். புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வுடைய ஓரறிவுயிராகத் தொல்காப்பியர் வகுத்ததையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் கற்பிக்கின்ற எனக்கு, இவ்வாராய்ச்சியைப் படிக்கையில் மகிழ்ச்சி உண்டாவது இயல்பே. எனினும் பழைய நூலில் எல்லாம் உண்டென்று நெஞ்சு நிமிர்த்துதல் எளிது. அளந்து காட்டுதல் அரிது. போஸ் அளந்து காட்டியவர். அவர் முடிபுகள் யாவும் நிலைபெற்றன என்றும் கொள்ளலாகாது. தாவரத்தில் மின்சைகை ஓடுகின்றது என்பதனை இன்றைய விஞ்ஞானம் ஏற்கின்றது. தாவரத்தில் நீர் மேலேறுதற்கு உயிரணுக்களின் துடிப்பே காரணம் என்ற அவர் கொள்கையை ஏற்கவில்லை.

அவர் இலக்கியத்தையும் மறந்தாரல்லர். 1896ஆம் ஆண்டில் வங்காளியில் அவர் எழுதிய விஞ்ஞானக் கற்பனைக் கதையொன்றில், ஒரு போத்தல் கூந்தல் எண்ணெய் கடற்புயலை அடக்குகின்றது. 1921ஆம் ஆண்டில் 'அவ்யக்த' என்ற பெயரில் அவர் கட்டுரைகள் நூலாக வந்தன. வங்கீய சாகித்திய பரிஷத்தின் தலைவராகவும் விளங்கினார். நம் பாரதியாரும் ஜகதீச சந்திர வஸு என்று அவர் பெயரை வழங்கித் தம் எழுத்துக்களிற் போற்றினார். உயர்ந்த விஞ்ஞானத்தையும் தாய்மொழியிற் சொல்லமுடியும் என்பதற்கு அப்பெருமகனாரின் எழுத்தே சான்றாகும்.

1915ஆம் ஆண்டிற் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், 1917 நவம்பர் 30ஆந் திகதி, தமது பிறந்தநாளன்றே, கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவினார். குளியலறை ஓரத்திற் தொடங்கியவர், பிறர் அவ்வாறு தொடங்கவேண்டிய நிலை வாராதிருக்கச் செய்தது அது. சத்தியேந்திரநாத போஸ், மேகநாத சாஹா போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். 1937 நவம்பர் 23ஆந் திகதி கிரிடி என்னும் ஊரில் அவர் காலமானார். 2012ஆம் ஆண்டில் உலக மின்பொறியியலாளர் சங்கம், 1894 முதல் 1896 வரையில் அவர் நிகழ்த்திய குறுவலைப் பரிசோதனைகளை அத்துறையின் மைல்கல்லென்று அறிவித்து, அவர் பணிபுரிந்த கல்லூரியிலே பெயர்ப்பலகை நாட்டிற்று.

நான் இவ்வளவும் சொல்லி முடித்தபோது, வண்டியைத் திருத்திய மாணவன் ஒரு கேள்வி கேட்டான். ஆக்கவுரிமையை விரும்பிப் பெற்றிருந்தால், இன்று நாங்கள் மார்க்கோனியின் பெயரைச் சொன்னதுபோல அவர் பெயரைச் சொல்லியிருப்போமல்லவா என்றான். நான் உடனே விடை சொல்லவில்லை. அவர் செய்தது சரியென்று முழங்குதல் எனக்கு எளிது. தந்தையின் கூலியை எண்ணியெண்ணிச் செலவிடும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு அது போதிய விடையாகாது. பொருளை நாடுதல் குற்றமன்று என்றும், மூன்றாண்டு சம்பளம் பெறாதிருந்தவரே முழுச் சம்பளத்தையும் விடாது கேட்டு வாங்கினார் என்றும் சொன்னேன். தமக்குரியதை அவர் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. அறிவை மட்டும் தமக்கே உரியதென்று அவர் கருதவில்லை. இந்த வேற்றுமையை நீயே எண்ணிப்பார் என்றேன்.

பிறகு அவனிடம் வேறொன்றும் சொன்னேன். போஸின் கருவிகளை ஆக்கியவர் எழுத்தறியாத ஒரு தகர வேலைக்காரர். உன் தந்தையார் அராவிய அச்சில்தான் உன் வண்டி ஓடுகின்றது. கண்காட்சி நாளன்று அவரையும் அழைத்து வா என்றேன்.

அவர் வந்தார். தொழிற்சாலை உடுப்பைக் களைந்து வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். மகன் வண்டியைச் செலுத்திக் காட்டியபோது, அவர் வண்டியைப் பார்க்கவில்லை. மகனின் பெருவிரல் கருவியின்மேல் அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றார். கொழும்புக் கடைக்குப் பயணம் இப்போதைக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது என்று விஞ்ஞான ஆசிரியர் சென்ற வாரம் எனக்குச் சொன்னார்.